வெளிநாட்டு நகரங்களில் வாடகைச் சைக்கிள்: அறிகுறியைப் பார்த்துச் சிக்கலைத் தீர்க்கும் வழிகள்

வாடகைச் சைக்கிளில் ஏதேனும் சிக்கல் எழுந்தால், முதலில் கையில் இருக்கும் சைக்கிள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலண்டன், பாரிஸ், நியூயார்க், மொன்றியால், தைபே போன்ற நகரங்களின் முதன்மையான திட்டங்களில் சைக்கிள்கள் நிலையங்களில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் டாக் எனப்படும் பூட்டுக் கம்பத்தில் செருகப்பட்டிருக்கும், பயணம் முடிந்ததும் அதே போன்ற இன்னொரு டாக்கில்தான் திரும்பச் செருக வேண்டும். மற்றொரு வகையில் டாக் என்று எதுவும் கிடையாது. சைக்கிளின் பின்சக்கரத்திலேயே பூட்டு இருக்கும், கைபேசிச் செயலியின் மூலம் அது திறக்கும், அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் நிறுத்திப் பூட்டினால் பயணம் முடியும். இரண்டையும் கலந்த திட்டங்களும் உண்டு. ஒரே அறிகுறிக்கு இவ்விரு வகைகளிலும் காரணமும் தீர்வும் வெவ்வேறாக இருப்பதால், கீழே உள்ள ஒவ்வொரு பகுதியையும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும். பயணிகளுக்குச் செலவு வைக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை சைக்கிளை எடுக்கும் நேரத்திலும் திருப்பி விடும் நேரத்திலும்தான் வருகின்றன என்பதால், அந்த இரண்டு இடங்களுக்கே இங்கு அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

பதிவு செய்யவே முடியவில்லை

செயலியில் கைபேசி எண்ணைக் கொடுத்த பின் குறுஞ்செய்தியில் வர வேண்டிய குறியீடு வராமல் போவதுதான் முதலில் எதிர்ப்படும் தடை. நாட்டுக் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா, எண்ணின் தொடக்கத்தில் தேவையற்ற பூஜ்யம் இருக்கிறதா, ரோமிங் இயங்குகிறதா என்ற மூன்றையும் பார்த்தாலே பல நேரங்களில் காரியம் முடிந்துவிடும். சேருமிடத்தில் புதிய சிம் வாங்கிப் பழைய சிம்மைக் கழற்றி வைத்துவிட்டவர்களுக்குப் பழைய எண்ணுக்குச் செல்லும் குறியீடு எப்படியும் வராது. ஆகவே செயலியை நிறுவுவது, எண்ணைச் சரிபார்ப்பது, அட்டையை இணைப்பது ஆகிய மூன்றையும் ஊரிலிருந்து புறப்படும் முன்பே முடித்துவிடுவது நல்லது. விமான நிலையத்தின் இலவச இணையத்தில் நின்றுகொண்டு செய்ய வேண்டிய வேலை அல்ல இது.

எல்லாம் சரியாக இருந்தும் பதிவு நகரவில்லை என்றால், அந்தத் திட்டம் பயணிகளுக்கானதுதானா என்று பார்க்க வேண்டும். பார்சிலோனாவில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படும் பீசிங் சைக்கிள்கள் அங்கே குடியிருப்பவர்களுக்காக 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்டவை; குடியிருப்பு அடையாள எண் இல்லாதவர் அதில் சேர முடியாது. நெதர்லாந்தின் இரயில் நிலையங்களில் கிடைக்கும் ஓவி ஃபீட்ஸ் சைக்கிள்களும் அந்நாட்டுப் பயண அட்டைக் கணக்கோடு பிணைக்கப்பட்டவை என்பதால், சில நாள் தங்கிச் செல்பவருக்கு அவை எளிதில் எட்டுவதில்லை. இத்தகைய ஊர்களில் செயலியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, சைக்கிள்களை நாள் வாடகைக்கு விடும் கடைக்குச் செல்வதே விவேகம். தைபேயின் யூபைக் திட்டத்தில் நிலைமை வேறு: உறுப்பினராகப் பதிவு செய்ய உள்ளூர்க் கைபேசி எண் கேட்கப்படும், ஆனால் ஒரு முறை வாடகை என்ற வழியில் கடன் அட்டையைக் கொண்டே சைக்கிளை எடுத்துவிடலாம். பதிவுப் பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்பவர்கள் இந்த இரண்டாவது வாசலைக் கவனிப்பதே இல்லை.

நிலையங்கள் ஊர் முழுவதும் வெறுமையாகக் காட்டப்பட்டால் பருவத்தைச் சரிபாருங்கள். ஹெல்சிங்கியின் நகரச் சைக்கிள்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே தெருவில் இருக்கும்; பனிக்காலத்தில் சென்றவருக்குச் செயலியில் எந்தக் கோளாறும் இல்லாமலே ஒரு சைக்கிளும் கிடைக்காது.

அட்டை மறுக்கப்படுகிறது, அல்லது பெருந்தொகை பிடிக்கப்பட்டுவிட்டது

இவ்விரண்டுக்கும் மூலகாரணம் பெரும்பாலும் ஒன்றே. சைக்கிளைத் திருப்பித் தராமல் போய்விட்டால் ஈடு செய்துகொள்வதற்காக, நிறுவனம் உங்கள் அட்டையில் ஒரு பிணைத்தொகையைப் பிடித்து வைக்கவோ, பிடிக்கும் உரிமையை முன்கூட்டியே பெற்று வைக்கவோ செய்கிறது. பாரிஸின் வெலிப் திட்டத்தில் இந்தப் பிணை ஒரு சைக்கிளுக்கு 300 யூரோ. கணக்கில் வாடகைக்குப் போதுமான பணம் இருந்தாலும் பிணைக்குப் போதாவிட்டால் அட்டை மறுக்கப்படும், முன்பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயண அட்டைகள் பல இடங்களில் பிணைக்கு ஏற்றுக்கொள்ளப்படுவதே இல்லை. பிடிக்கப்பட்ட தொகை செலவழிந்துவிட்டதாக எண்ணிப் பதற வேண்டியதில்லை. வங்கியின் கணக்கில் அது நிலுவை என்ற பெயரில் நிற்கும், பிறகு தானாகவே விடுவிக்கப்படும். ஆனால் டெபிட் அட்டையில் பிடிக்கப்பட்டால் அந்தப் பணம் அத்தனை நாளும் உங்கள் கைக்கு எட்டாது. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரே அட்டையில் நான்கு சைக்கிள்களை எடுத்தால் பிணையும் நான்கு மடங்காகும் என்பதால், இதற்கென ஒரு கடன் அட்டையைத் தனியே வைத்துக்கொள்வதை வலியுறுத்திச் சொல்வேன்.

பிணைக்குப் பணம் இருந்தும் அட்டை மறுக்கப்பட்டால், வெளிநாட்டுப் பரிவர்த்தனை அந்த அட்டையில் அனுமதிக்கப்பட்டுள்ளதா என்று வங்கியின் செயலியில் பாருங்கள். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்பதும் இங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி. மறுக்கப்பட்ட பின் அடுத்தடுத்து முயன்றுகொண்டே இருக்க வேண்டாம். வங்கி ஐயப்பட்டு அட்டையையே முடக்கிவிட வாய்ப்பு உண்டு.

பணம் கட்டியாயிற்று, சைக்கிள் வெளியே வரவில்லை

இலண்டனிலும் நியூயார்க்கிலும் 1, 2, 3 என்ற இலக்கங்களால் ஆன ஐந்து இலக்கக் குறியீடு ஒன்று தரப்படுகிறது; அதை டாக்கில் உள்ள விசைகளில் நிதானமாக அழுத்த வேண்டும். குறியீடு சில நிமிடங்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால், முதலில் பழுதற்ற சைக்கிளைத் தேர்ந்துவிட்டுப் பிறகு குறியீட்டைப் பெறுவது சரியான வரிசை. பச்சை விளக்கு எரிந்த பின்னும் சைக்கிள் அசையாமல் இருந்தால், அது பிடிமானத்தில் இறுகியிருக்கிறது என்று பொருள். கைப்பிடியை மட்டும் பிடித்து இழுத்தால் அது வராது. ஒரு கையால் சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைச் சற்றே தூக்கி, மறுகையால் கைப்பிடியின் நடுப்பகுதியைப் பிடித்து, ஒரே நேரான இழுப்பில் பின்னோக்கி உருவ வேண்டும். இந்த வகைச் சைக்கிள்கள் எடை மிகுந்தவை. தயங்கித் தயங்கி இழுப்பதற்குள் பூட்டு மறுபடியும் விழுந்துவிடும். அப்படி விழுந்துவிட்டால் உங்கள் கணக்கில் பயணம் தொடங்கிவிட்டதா என்பதைப் பார்த்துவிட்டே அடுத்த சைக்கிளுக்குச் செல்லுங்கள். சிவப்பு விளக்கு எரியும் டாக்கில் முயல்வதில் பயனில்லை, அந்தச் சைக்கிள் பழுதென்று ஒதுக்கப்பட்டதாக இருக்கலாம்.

டாக் இல்லாத சைக்கிளில் பூட்டு திறக்காவிட்டால் புளூடூத், இருப்பிட அனுமதி, இணைய இணைப்பு ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள். கோபன்ஹேகனில் தோன்றிய டாங்கி ரிபப்ளிக்கின் ஆரஞ்சு நிறச் சைக்கிள்களைப் போன்றவை கைபேசியுடன் புளூடூத் வழியாகவே பேசுகின்றன. இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் புளூடூத் அணைந்திருந்தால் பூட்டு அசையாது. செயலி திறந்துவிட்டதாகக் காட்டியும் பூட்டின் கம்பி சக்கரக் கம்பிகளுக்கு இடையே சிக்கி நின்றால், சைக்கிளை முன்னும் பின்னும் ஓரங்குலம் நகர்த்துங்கள். க்யூஆர் குறியீடு தேய்ந்திருந்தால் அதன் அருகே அச்சிடப்பட்டிருக்கும் சைக்கிள் எண்ணைக் கையால் உள்ளிடலாம். குறியீட்டை எப்போதும் அந்த நிறுவனத்தின் செயலிக்குள்ளிருந்தே ஸ்கேன் செய்ய வேண்டும். கைபேசியின் பொதுக் கேமராவால் ஸ்கேன் செய்து, அது திறக்கும் பக்கத்தில் அட்டை எண்ணைக் கொடுப்பது, மேலே ஒட்டப்பட்ட போலிக் குறியீடுகளுக்கு இரையாகும் வழி.

எடுத்த சைக்கிள் பழுதாக இருக்கிறது

எடுப்பதற்கு முன்பே பார்த்துவிட்டால் இந்தப் பகுதியே தேவைப்படாது. இரு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்துங்கள், இரு பிரேக்குகளையும் பிடித்துப் பாருங்கள், செயின் தொங்குகிறதா என்று கவனியுங்கள், பெடலைப் பின்னோக்கி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். சீட் பின்புறமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தால், அது முன்பு எடுத்தவர் அடுத்தவருக்கு விட்டுச் சென்ற எச்சரிக்கை. பாரிஸிலும் தைபேயிலும் இந்த வழக்கம் வேரூன்றியிருக்கிறது. காலையில் நிலையமே காலியாக இருக்கும்போது ஒரே ஒரு சைக்கிள் மட்டும் உங்களுக்காகக் காத்திருந்தால், அதைச் சற்று ஐயத்தோடு நோக்குவதே முறை. ஊரார் ஒதுக்கிய சைக்கிளாக அது இருக்கக்கூடும்.

எடுத்த பிறகு பழுது தெரிந்தால் உடனே அதே நிலையத்தில் திரும்பச் செருகிவிட்டு, டாக்கில் கோளாறைத் தெரிவிக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். நியூயார்க்கில் அதில் திருகுசாவியின் படம் இருக்கும். இது நல்லெண்ணச் செயல் மட்டுமல்ல, கோளாறுள்ள சைக்கிளை உடனே திருப்பிவிட்டதற்கான பதிவும் ஆகும். வழியில் பஞ்சரானால் அதே சைக்கிளை ஓட்டிச் செல்லக் கூடாது, சக்கரத்தின் விளிம்பு வளைந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். தள்ளிக்கொண்டு அருகில் உள்ள நிலையத்துக்குப் போவதே வழி. செயின் மட்டும் கழன்றிருந்தால், பின்பக்கம் கியர் மாற்றி இருக்கும் சைக்கிளில் அதன் சிறிய கையை முன்னோக்கித் தள்ளித் தொய்வை உண்டாக்கிக்கொண்டு, மேல்பல்லில் செயினை வைத்துப் பெடலை மெதுவாகச் சுற்றினால் ஏறிவிடும். ஆனால் பெரும்பாலான நகரச் சைக்கிள்களில் செயின் உறைக்குள் மூடப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முயல வேண்டாம்.

சீட் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அதன் இறுக்கும் நெம்புகோல் தளர்ந்திருக்கிறது. நெம்புகோலைத் திறந்து, அதன் எதிர்ப்புறத் திருகை அரைச் சுற்று இறுக்கி, மூடும்போது உள்ளங்கையில் அழுத்தம் உறைக்கும் அளவுக்கு எதிர்ப்பு இருந்தால் போதும். சீட்டில் அமர்ந்து குதிகாலைப் பெடலில் வைக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும்; சீட் தண்டில் எண்கள் பொறிக்கப்பட்டிருந்தால் உங்களுக்கு ஏற்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதே திட்டத்தின் எல்லாச் சைக்கிளிலும் அது பொருந்தும்.

பிரேக்கும் கியரும் எதிர்பாராத விதமாக நடந்துகொள்கின்றன

பிரேக் பிடித்ததும் உடல் முன்னோக்கித் தூக்கி எறியப்படுவது போல் இருந்தால் பிரேக்கில் குறையில்லை, கைகள் மாறியிருக்கின்றன. பிரிட்டனிலும் ஜப்பானிலும் பொதுவாக வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். ஐரோப்பிய நிலப்பரப்பின் பெரும்பாலான நாடுகளிலும் அமெரிக்காவிலும் முன்சக்கரம் இடக்கையில் இருக்கும். ஏறி அமரும் முன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்துப் பார்ப்பதற்குப் பத்து வினாடி ஆகாது. கைப்பிடியில் ஒரு பிரேக் கூட இல்லாமலோ, ஒன்று மட்டும் இருந்தோ தோன்றினால் பின்னோக்கிப் பெடல் மிதித்தால் நிற்கும் வகையாக அது இருக்கலாம். நெதர்லாந்தில் இந்த வகை மிகச் சாதாரணம். போக்குவரத்து விளக்கில் காத்திருக்கும்போது பெடலைப் பின்னால் சுற்றி வசதியான இடத்துக்குக் கொண்டுவரும் பழக்கம் உள்ளவர்களை இந்த வகை முதல் அரை மணி நேரம் படாத பாடு படுத்தும்.

கியர் மாறவில்லை என்றால், சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே பொதிந்த கியராக அது இருக்கிறதா என்று பாருங்கள். அதை மாற்றும்போது மிதிப்பதை ஒரு கணம் நிறுத்த வேண்டும். மின்சைக்கிளில் மிதிக்கும் வரைதான் மோட்டார் துணை செய்யும் என்பதும், ஐரோப்பிய ஒன்றியத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அந்தத் துணை நின்றுவிடும் என்பதும் விதிகள். இறக்கத்தில் திடீரென மோட்டார் செத்துவிட்டது என்று முறையிடுபவர்களில் பலர் இந்த எல்லையைத்தான் எட்டியிருக்கிறார்கள். சமதரையில் மெதுவாகச் செல்லும்போதும் துணை வரவில்லை என்றால் மின்கலம் தீர்ந்திருக்கும். அந்த எடையை மிதித்து மேடேறுவதைவிட வழியிலுள்ள நிலையத்தில் மாற்றிக்கொள்வது மேல்.

எல்லோரும் என்னைப் பார்த்து மணி அடிக்கிறார்கள்

நீங்கள் எங்கோ விதி மீறியிருக்கிறீர்கள். வட்டமான நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் இருந்தால் அது சைக்கிளுக்கான பாதை. சிவப்பு வளையத்துக்குள் சைக்கிள் இருந்தால் அங்கே சைக்கிளுக்குத் தடை. குறுக்குக் கோடு இல்லாததால் இரண்டாவதை அனுமதி என்று படித்துக்கொள்பவர்கள் ஏராளம். கோபன்ஹேகனில் நிறுத்தப் போகும் முன் கையை உயர்த்திக் காட்டுவது வழக்கம். சிக்னல் உள்ள சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப வேண்டியவர் நேராகக் கடந்து மறுமுனையில் நின்று, அடுத்த பச்சைக்குச் செல்ல வேண்டும். ஜப்பானில் ஓட்டிக்கொண்டே கைபேசியைப் பார்ப்பதற்கான தண்டனை 2024 நவம்பரில் கடுமையாக்கப்பட்டு, ஆறு மாதம் வரை சிறையோ ஒரு இலட்சம் யென் வரை அபராதமோ விதிக்க இடமளிக்கிறது. ஆகவே வழியைப் பார்க்க வேண்டுமானால் ஓரமாக நின்று பாருங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தலைக்கவசம் கட்டாயம். சைக்கிளோடு கவசம் இல்லையென்றால் அந்தச் சைக்கிளை எடுக்க வேண்டாம். டிராம் தண்டவாளத்தை ஏறக்குறைய செங்கோணத்தில் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும்.

திருப்பி விடச் சென்ற நிலையம் நிரம்பியிருக்கிறது

இது தற்செயல் போலத் தோன்றினாலும் ஒழுங்கோடு நிகழ்வது. காலையில் அலுவலகப் பகுதிகளை நோக்கியும் மாலையில் குடியிருப்புகளை நோக்கியும் சைக்கிள்கள் நகர்கின்றன. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க எடுப்பவர்கள் மிகுதி, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு மிதிப்பவர்கள் குறைவு. பாரிஸின் பழைய வெலிப் திட்டம் மேட்டு நிலையங்களில் சைக்கிளைக் கொண்டுவந்து விடுபவர்களுக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தது இதனால்தான். பெரிய கூடங்களில் நிகழ்ச்சி முடியும் நேரம், இரயில் நிலையத்தின் காலை நேரம், வெயில் இதமான ஞாயிறன்று ஆற்றங்கரை ஆகியவை எந்த ஊரிலும் நிரம்பி வழியும். நிறுவனங்கள் லாரிகளில் சைக்கிள்களை ஏற்றி இடம் மாற்றிக்கொண்டே இருந்தாலும் அந்த வேலை அலைக்குப் பின்னால்தான் ஓடுகிறது.

நிரம்பிய நிலையத்தின் முன் நின்றால் முதலில் செய்ய வேண்டியது, அங்குள்ள முனையத்திலோ செயலியிலோ டாக் இல்லை என்பதைப் பதிவு செய்வது. இலண்டனில் அவ்வாறு தெரிவித்தால் அடுத்த நிலையத்துக்குச் செல்லப் பதினைந்து நிமிடம் கட்டணமின்றி நீட்டிக்கப்படும். நியூயார்க்கிலும் இதற்கு ஒத்த ஏற்பாடு உண்டு. இதைச் செய்யாமல் அடுத்த நிலையத்துக்கு விரைபவர் தம் நேரத்தையே செலவிடுகிறார். பிறகு வரைபடத்தில் அருகில் உள்ளதையல்ல, காலி இடம் நான்கைந்துக்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு காலி டாக் காட்டும் நிலையம் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் நிரம்பியிருக்கும், அல்லது அந்த ஒன்று பழுதான டாக்காக இருக்கும். விமானத்தையோ இரயிலையோ பிடிக்கப் போகும் வழியில் வாடகைச் சைக்கிளைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. நிலையத்தின் நிலைமை உங்கள் கையில் இல்லை.

நிறுத்திவிட்டேன், ஆனால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது

எல்லாச் சிக்கல்களிலும் பணத்தை அதிகம் விழுங்குவது இதுதான். டாக் உள்ள திட்டங்களில் சக்கரம் டாக்குக்குள் நுழைந்திருப்பதும் பூட்டு விழுந்திருப்பதும் வெவ்வேறு நிகழ்வுகள். முன்பக்க முக்கோணத் துண்டு உள்ளே போய், ஒரு அழுத்தமான ஒலி கேட்டு, பச்சை விளக்கு நிலையாக எரிந்தால்தான் திரும்பியதாகக் கணக்கு. சைக்கிளை மெதுவாகச் சாய்த்து நிறுத்துவது போல் செருகினால் அது நிற்கும், பூட்டாது. பின்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி, ஓரடி தூரத்திலிருந்து நேராக உந்தித் தள்ளுங்கள். பச்சைக்குப் பின் கைப்பிடியைப் பிடித்துப் பின்னோக்கி ஒரு முறை உறுதியாக இழுத்துப் பாருங்கள். வெளியே வந்தால் பூட்டவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் நடந்துவிட்டவரின் சைக்கிளை அடுத்து வருபவர் எடுத்துச் சென்றால், அது முழுவதும் முதலாமவரின் கணக்கில்தான் ஓடும்.

மஞ்சள் விளக்கு வெகு நேரம் எரிந்தால் மையக் கணினியின் பதிலுக்கு டாக் காத்திருக்கிறது. அரை நிமிடம் பொறுங்கள். சிவப்பு எரிந்தால் அந்த டாக்கை விட்டு வேறொன்றில் செருகுங்கள். விளக்கே எரியாத டாக்கில் செருகி, சைக்கிள் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியிலும் வராமல் பதிவும் ஆகாமல் நிற்பதுதான் மோசமான நிலை. அப்போது நிலையத்தின் பெயரும் டாக்கின் எண்ணும் சைக்கிளின் எண்ணும் ஒரே படத்தில் விழும்படி புகைப்படம் எடுங்கள், செயலியில் பயணம் நடந்துகொண்டிருப்பதாகக் காட்டும் திரையையும் நேரம் தெரியும்படி படமெடுங்கள், அங்கிருந்தே வாடிக்கையாளர் எண்ணை அழையுங்கள். அழைப்பின் நேரம் பயணத்தின் முடிவாக ஏற்றுக்கொள்ளப்படும்படி கேட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுதிக்குப் போய்ச் சேர்ந்து நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்புவது தவறு. நீங்கள் அங்கே நிற்கும் வரைதான் சைக்கிளின் நிலைமைக்கு நீங்களே சாட்சி.

டாக் இல்லாத சைக்கிளில் வரிசை சற்று மாறும். சிலவற்றில் பூட்டின் நெம்புகோலைக் கையால் கீழே தள்ளிப் பூட்டிய பிறகே பயணம் முடியும். செயலியில் முடி என்பதை அழுத்துவது மட்டும் போதாது. வேறு சிலவற்றில் கையால் பூட்டினால் அது இடைநிறுத்தம் மட்டுமே, செயலியில் முடித்தால்தான் கட்டணம் நிற்கும். இவ்விரண்டையும் ஒரே பயணத்தில் மாற்றிக் குழப்பிக்கொள்பவர்கள் மிகப் பலர். முதல் சவாரியை ஐந்து நிமிடத்தில் முடித்து, செயலியின் வரலாற்றுப் பகுதியில் அது முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவது பயனுள்ள பயிற்சி.

பயணத்தை முடிக்க விடாமல் செயலி தடுக்கிறது

நீங்கள் எல்லைக்கு வெளியே நிற்கிறீர்கள், அல்லது நிறுத்தக் கூடாத இடத்தில் நிற்கிறீர்கள். வரைபடத்தில் நிழலிட்ட பகுதிகள் இதைக் காட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே இருப்பிடக் கணிப்பு பல மீட்டர் தள்ளிப்போவது உண்டு; திறந்த வெளிக்குப் பத்திருபது அடி நகர்ந்து, செயலியைப் புதுப்பித்து மறுபடி முயலுங்கள். கோட்டைக்குள்ளோ, பூங்காவுக்குள்ளோ, ஆற்றுக்கு அக்கரையிலோ இருக்கும் காட்சியிடத்தைப் பார்க்கச் சைக்கிளில் போவதாயிருந்தால், அந்த இடம் எல்லைக்குள் இருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள். முடிக்கும்போது கேட்கப்படும் படத்தில் சைக்கிள் முழுவதும், நடைபாதையில் மக்கள் போகும் இடம் மறைபடாமல் இருப்பதும் தெரிய வேண்டும்.

கைபேசி அணைந்துவிட்டது

டாக் உள்ள திட்டத்தில் இது பெரிய தொல்லையல்ல. சைக்கிளை எந்த டாக்கிலும் செருகலாம், பச்சை விளக்கே உங்கள் சான்று. டாக் இல்லாத திட்டத்தில் கைபேசி இல்லாமல் பயணத்தை முடிக்க வழியில்லை; சைக்கிளை உடன் வைத்துக்கொண்டே மின்னூட்டம் கிடைக்கும் இடத்தைத் தேட வேண்டும். நாள் முழுவதும் வரைபடமும் கேமராவுமாகக் கைபேசி தேயும் பயணத்தில், டாக் உள்ள திட்டத்தை நான் விரும்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கூட வருபவரின் கைபேசியில் உள்நுழைவு விவரங்களைப் பயன்படுத்தி முடிக்க இயலும் என்பதால், கடவுச்சொல்லை நினைவில் வைத்திருப்பது உதவும்.

இடையில் இறங்கிப் பார்க்கப் போகையில் சைக்கிளை எங்கே விடுவது

இலண்டன் சைக்கிள்களில் பூட்டே கிடையாது. ஓர் இடத்தைப் பார்க்க இறங்கினால் சைக்கிளை டாக்கில் செருகிவிட்டு, திரும்பி வந்து வேறொன்றை எடுத்துக்கொள்வதே அத்திட்டம் எதிர்பார்க்கும் முறை. அருங்காட்சியகத்தின் கம்பிவேலியில் சாய்த்துவிட்டு உள்ளே போன சைக்கிள் காணாமல் போனால், அங்கே 300 பவுண்டு வரை கட்டணம் வரலாம். அரை மணிக்குள் செருகிச் செருகி மாற்றிக்கொள்வது செலவையும் கட்டுப்படுத்தும், ஏனெனில் இத்தகைய கட்டணங்கள் குறுகிய சவாரிகளுக்காக வகுக்கப்பட்டவை. நாள் முழுவதும் ஒரே சைக்கிளைப் பிடித்துவைப்பவருக்கு வாடகைக் கடையே மலிவு. சைக்கிள் உண்மையிலேயே திருடு போய்விட்டால் நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் அதே நாளில் தெரிவித்து, புகாரின் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பின் புதிய கட்டணம் வந்திருக்கிறது

சவாரி முடிந்து பல நாள் கழித்துக் கூட நேர மிகுதிக் கட்டணமோ, எல்லைக்கு வெளியே விட்டதற்கான கட்டணமோ, நிறுத்தியதற்கான அபராதமோ வந்து சேரலாம். செயலியின் பயண வரலாற்றில் தொடக்கமும் முடிவும் என்னவென்று பார்த்து, உங்களிடம் உள்ள புகைப்படத்தின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். அதில் முரண் இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில், சைக்கிள் எண், டாக் எண், நேரம், புகார் எண் ஆகிய நான்கையும் முதல் பத்தியிலேயே கொடுத்து எழுதுங்கள். நெடிய விவரிப்பைவிட இந்த நான்கு எண்கள் விரைவில் வேலை செய்யும். பதில் வராவிட்டாலோ மறுப்பு வந்தாலோ வங்கியில் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடலாம், அதற்கும் அதே படங்களே ஆதாரம். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்குவதும் அட்டையைக் கணக்கிலிருந்து எடுப்பதும் பிணைத்தொகை முழுவதுமாக விடுவிக்கப்பட்டதை வங்கிக் கணக்கில் பார்த்த பிறகே செய்யப்பட வேண்டும், ஏனெனில் கணக்கு அழிந்த பின் பயண வரலாறும் உங்கள் கைக்கு எட்டாமல் போய்விடும்.